அக்கா காரைக் கொன்ற கதை

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். கடந்த ஒன்பது நாட்களாக நான் அப்பாவின் பழைய காரில்தான் கடைக்குப் போகிறேன். தெருவே பார்க்கிறது. பேப்பர் போடுகிறவர் சைக்கிளை ஓரங்கட்டி வழிவிடுகிறார். எதிர்வீட்டு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், "சொன்ன மாதிரியே ஓட்டிக் காட்டிட்டீங்களே சார்!" என்று கைகுலுக்கினார். நானும் அடக்கமாகத் தலையை ஆட்டினேன்.

அந்தக் காரில் இன்ஜின் இல்லை.

இன்ஜின் மெக்கானிக் ஷெட்டில் நாற்பது துண்டாகக் கிடக்கிறது. புதுவருஷத்தன்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். "ஜனவரி முடியறதுக்குள்ள தினமும் தவளையிலதான் கடைக்குப் போவேன்" என்று நாலு பேர் நடுவில் சவால் விட்டேன். (விளக்கு இரண்டும் முழித்துக்கொண்டிருப்பதால் அந்தக் காருக்குத் தவளை என்று பெயர் வைத்தவளே நீதான், ஞாபகம் இருக்கிறதா?) மெக்கானிக்கோ, "ஓடறது அப்புறம் சார், முதல்ல அது நிக்கணும்" என்று பிரேக்கையும் டயரையும் மட்டும் புதுசாக்கித் தந்துவிட்டு இன்ஜினைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார். அப்போதுதான் புத்தி வேலை செய்தது. வீடு மேட்டில். என் மூக்குக்கண்ணாடிக் கடை பள்ளத்தில். நடுவில் ஒன்றேகால் கிலோமீட்டர் இறக்கம். வாசலில் இருந்து உன் தம்பி பெண்டாட்டி ஒரு தள்ளு தள்ளுவாள். மிச்சத்தைப் பூமி பார்த்துக்கொள்ளும். முனையில் ஆள் நின்றால் வாயால் லேசாக "ட்ர்ர்ர்" என்பேன். சாயங்காலம் தண்ணீர் லாரிக்காரர் கயிறு கட்டி மேலே இழுத்து வருவார். யாராவது கேட்டால், "புது இன்ஜின், ஏத்தத்துல சிரமப்படுத்தக் கூடாது" என்று விளக்கம் வைத்திருக்கிறேன்.

"நாப்பது வயசுல வர வேண்டிய கிறுக்கு, உங்களுக்கு அம்பத்தொண்ணுல வந்திருக்கு" என்கிறாள் தள்ளுகிறவள்.

இதை உனக்கு ஏன் எழுதுகிறேன் என்றால், நீ சிரிப்பாய் என்றுதான். உன் மகள் கல்யாண வரவேற்பு முடிந்து எட்டு மாதம் ஆகிறது. போன் பண்ணினால் அத்தான் எடுத்து "அவ குளிச்சிட்டிருக்கா" என்கிறார். எட்டு மாதமாகவா ஒருத்தி குளிப்பாள்?

அன்றைக்கு மைக்கை என் கையில் கொடுத்தது யார்? உன் மருமகன். நான் என்ன புதுசாகவா எதையும் சொன்னேன்? எல்லாக் கல்யாணத்திலும் சொல்கிற அதே "அக்கா காரைக் கொன்ற கதை"தான். முப்பத்து மூன்று வருஷத்துக்கு முன்னால் நீ வேலையில் சேர்ந்த முதல் நாள், முதல்முறையாகத் தனியாகக் காரை எடுத்தாய், நாற்சந்தி நடுவில் அது புகை விட்டு உயிரை விட்டது, அப்புறம் ஓடவே இல்லை. டிராபிக் போலீஸ் குரலும் ஹாரன் சத்தமும் கொஞ்சம் சேர்த்தேன். முன்னூறு பேர் சிரித்தார்கள். நீ மட்டும் எழுந்து போய்விட்டாய். தமாஷை இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்வாய் என்று நினைக்கவில்லை.

வண்டியைப் பழையபடி ஆக்கி, தினமும் ஓட்டுகிற காராக்கி, அதிலேயே உன் வீட்டுக்கு வந்து நிற்பேன். அப்போதாவது குளியலறையை விட்டு வெளியே வா.

உன் தம்பி


பிப்ரவரி 15

தம்பிக்கு,

கடிதம் வந்தது. போனில் பேசினால் இரண்டாவது நிமிடத்தில் என்னைச் சிரிக்கவைத்துவிடுவாய். சிரித்த பிறகு கோபப்பட முடியாது. இத்தனை வருஷமும் அப்படித்தான் தப்பித்துவருகிறாய். ஆகவே எழுது. படித்து, யோசித்து, பதில் போடுகிறேன்.

இங்கே நிலவரம் இது. உன் அத்தானுக்கு இரண்டு கண்ணிலும் ஓரப் பார்வை போய்விட்டது. உன் தொழில், உனக்கே புரியும். இனி ஓட்டக் கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லிவிட்டார். எங்கள் கார் நான்கு மாதமாக வாசலில் சும்மா நிற்கிறது. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எனக்குக் காலை ஆறு மணிக்கு வேலை. இரண்டு பஸ் மாற வேண்டும். அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகவும் பஸ்தான். கூட்டத்தில் பக்கவாட்டில் வருகிற ஆளைத் தெரியாமல் இடித்துவிட்டுத் திட்டு வாங்குகிறார்.

நான் ஓட்டக் கற்றுக்கொள்கிறேன் என்று சொன்னேன். என் மகளே, "வேணாம்மா, உனக்கு அது வராது" என்றாள். சம்பந்தியம்மா ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் "பஸ்லதானே வந்தீங்க? நல்லவேளை, ஊர் பிழைச்சுது" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அந்தக் கதையை அவளுக்கு நீ பரிசாகக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாய்.

தம்பி, உண்மையைச் சொல்கிறேன். ஸ்டியரிங்கைப் பார்த்தால் எனக்குக் கை வியர்க்கிறது. அன்று நான் என்ன தப்புச் செய்தேன் என்று இன்றுவரை தெரியாது. அப்பா சொல்லிக்கொடுத்தபடிதான் எல்லாம் செய்தேன். உன் மெக்கானிக் இப்போது இன்ஜினைப் பிரித்துவிட்டார் அல்லவா? அது எதனால் நின்றது என்று அவரிடம் கேட்டு எழுது. எதைச் செய்யக் கூடாது என்று தெரிந்தால் துணிந்து உட்காருவேன்.

இந்த ஒரு கேள்விதான்.

அக்கா


மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தான் கண்ணைப் பற்றிப் படித்ததும் மனசு கனத்துவிட்டது. ரிப்போர்ட் நகல் அனுப்பு, எனக்குத் தெரிந்த நல்ல டாக்டரிடம் காட்டுகிறேன்.

கார் விஷயம் கேட்டாயே. அதை ஏன் கேட்கிறாய்! பின் சீட்டைக் கழற்றினால் உள்ளே எலிகளின் குடியிருப்பு. கூடு என்று சொன்னால் அவமரியாதை. தனித்தனி அறை இருந்தது அக்கா. பஞ்சை எடுத்து மெத்தை போட்டிருந்தன. ஓர் அறையில் அப்பாவின் ஒற்றைக் கையுறை, இன்னொன்றில் நம் அம்மா தொலைத்துவிட்டுத் தேடிய சீப்பு. உன் தம்பி பெண்டாட்டி எட்டிப் பார்த்துவிட்டு, "நம்ம வீட்டவிட சுத்தமா வச்சிருக்கே" என்று பெருமூச்சு விட்டாள். அடுத்து ஒயரிங். வலது பக்கம் திரும்ப விளக்குப் போட்டால் ஹாரன் அடிக்கிறது. ஹாரன் அடித்தால் வைப்பர் ஒருமுறை கும்பிடு போட்டுவிட்டுப் படுத்துக்கொள்கிறது. கதவு ரப்பருக்கு நாலு ஊர் பழைய இரும்புக் கடை ஏறி இறங்கினேன். ஒரு கடைக்காரர், "இந்த மாடலா? இதை வச்சிருந்த ஆளுங்களே இப்ப கிடைக்கறதில்ல" என்றார்.

மெக்கானிக்கைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். அறுபது வயசு, கறார் பேர்வழி, வாடிக்கையாளர் யாரையும் ஷெட்டில் உட்காரவிட மாட்டார். ஆனால் போல்ட்டைக் கையை நீட்டி ஒரு முழத் தூரத்தில் பிடித்துப் பார்க்கிறார். எனக்குப் புரிந்துவிட்டது. "கண்ணாடி போடுங்க" என்றேன். "என் கண்ணுக்கு என்ன? இன்ஜினைக் காதாலதான் சார் பார்க்கணும்" என்று முறைத்தார். விடுவேனா? அளவெடுத்து, கிட்டப் பார்க்கிற கண்ணாடி ஒன்று செய்து கொண்டுபோய் மூக்கில் மாட்டிவிட்டேன். மனிதர் தன் கையையே ஐந்து நிமிஷம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இவ்ளோ அழுக்கா இருக்கு" என்றார். அன்றிலிருந்து எனக்கு மட்டும் ஷெட்டில் ஒரு ஸ்டூல்.

இன்ஜின் எதனால் நின்றது என்று கேட்டாய். வயசுதான் அக்கா. பழைய வண்டி. எத்தனையோ காரணம் இருக்கும். நீ அதையெல்லாம் நினைத்துக்கொண்டிருக்காதே, தைரியமாக ஓட்டு.

தம்பி


மார்ச் 14

தம்பிக்கு,

உன் கடிதம் நான்கு பக்கம். எலிக்கு ஒன்றரைப் பக்கம். நான் கேட்ட கேள்விக்கு ஒன்றரை வரி.

ஆய்வுக்கூடத்தில் ரிப்போர்ட்டை எடுத்துவந்து, "பெருசா ஒண்ணுமில்லீங்க, வயசுதான்" என்று யாராவது முகத்தைப் பார்க்காமல் சொன்னால் எனக்குத் தெரிந்துவிடும், ஏதோ இருக்கிறது என்று. நானே எத்தனையோ பேரிடம் அப்படிச் சொல்லியிருக்கிறேன்.

மெக்கானிக் என்ன சொன்னார்?

அக்கா


ஏப்ரல் 6

அக்கா,

இது ஆறாவது தாள். முந்தைய ஐந்தையும் கிழித்துவிட்டேன். ஐந்திலும் தமாஷ் தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. ஒன்றில், இரண்டாவது பத்தியிலேயே நான் பாவப்பட்ட ஆளாகிவிட்டேன். படித்தபோது எனக்கே என்மேல் பரிதாபம் வந்தது. உடனே கிழித்தேன்.

கண்ணாடி போட்ட மூன்றாம் நாள் மெக்கானிக் என்னைக் கூப்பிட்டார். சிலிண்டர் ஹெட்டை, அதாவது இன்ஜினின் மேல் மூடியை, மேஜைமேல் கவிழ்த்து வைத்திருந்தார். நகத்தால் ஒரு கோட்டைத் தொட்டுக் காட்டினார். முடி அளவு வெடிப்பு. கண்ணாடி இல்லாமல் நாலு தடவை பார்த்தபோது அவருக்குத் தெரியவே இல்லையாம்.

"இது தானா விட்ட வெடிப்பு இல்ல சார். கொதிக்கிற இன்ஜின்ல பச்சத் தண்ணிய ஊத்தினா இப்படித்தான் பொளக்கும். எந்தப் புத்திசாலி செஞ்ச வேலை இது?"

நான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். "தெரியலையே" என்றேன்.

நான்தான் அக்கா.

நீ வேலையில் சேர்ந்த நாளுக்கு முந்தின நாள் மத்தியானம். அப்பா சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருந்தார். நீ மறுநாளைக்குப் புடவை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாய். சாவி ஆணியில் தொங்கியது. எனக்குப் பதினெட்டு வயசு, காரை ஓட்டத் தெரியும் என்று எனக்கு மட்டும் தெரியும். நூலக வாசல் வழியாக ஐந்து முறை போய்வந்தேன். அங்கே ஒருத்தி வருவாள். (அது என் மனைவி இல்லை. இந்தக் கடிதத்தை அவள் படிக்காமல் விட மாட்டாள் என்பதால் தெளிவாக எழுதுகிறேன்.) ஐந்து முறையும் அவள் நிமிரவில்லை. ஆறாவது முறை வண்டி நிமிர்ந்து பார்த்தது: முன்னால் இருந்து வெள்ளையாக ஆவி. ரேடியேட்டருக்குப் போகிற ரப்பர் குழாய் கசிந்து, தண்ணீர் பூராவும் வழிந்திருந்தது. நான் பயந்துபோய்ப் பக்கத்துத் தையல் கடையில் வாளி வாங்கி, குழாய்த் தண்ணீர் பிடித்து, மடமடவென்று ஊற்றினேன். உள்ளே "டிக்" என்று ஒரு சத்தம் கேட்டது. சின்னச் சத்தம். குளிர்ந்ததும் வண்டி கிளம்பிவிட்டது. வீட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்தி, துடைத்து, சாவியை ஆணியில் மாட்டினேன். யாரும் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் காலை நீ கிளம்பும்போது வாசலில் நின்று கையாட்டினேன். உன்னிடம் சொல்ல வாய்வரை வந்தது. "போயிட்டு வா" என்று மட்டும் சொன்னேன்.

நீ திரும்பி வந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. புடவையில் கரி. அப்பா ஒன்றும் பேசவில்லை. காரைத் தள்ளிக்கொண்டுவந்து தார்ப்பாய் போட்டு மூடினார். அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். சாயங்காலம் பெரியப்பா வந்து "என்னாச்சு?" என்று கேட்டார். வீடு உம்மென்று இருந்தது. சிரிக்க வைக்கலாமே என்று நான் நடித்துக் காட்டினேன். நீ ஸ்டியரிங்கைப் பிடித்தது, போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றியது. நான் பார்க்கவே இல்லாத காட்சி. பெரியப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் "எங்கே, அக்கா கார் ஓட்டின கதையைச் சொல்லு" என்றுதான் என்னைக் கூப்பிட்டார்கள். எனக்கு ஒரு பெயர் கிடைத்தது. தமாஷ்பேர்வழி. அதை வைத்தே கடைக்கு ஆள் சேர்ந்தது, பெண் கிடைத்தாள், எல்லாம்.

நீ கேட்டதற்குப் பதில்: அன்று நீ எந்தத் தப்பும் செய்யவில்லை. எதையும் மாற்றிச் செய்ய வேண்டியதில்லை.

தம்பி


மே 11

அக்கா,

ஐந்து வாரம் ஆகிறது. பதில் இல்லை. நியாயம்தான்.

இந்த முறை போன் பண்ணினேன். அத்தான், "அவ குளிக்கறான்னு சொல்லச் சொல்லல. 'பேச மாட்டேன்'னு சொல்லச் சொன்னா" என்றார். முன்னேற்றம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

பழைய இரும்புக் கடை ஒன்றில் வேறு சிலிண்டர் ஹெட் கிடைத்தது. இன்ஜினை வண்டிக்குள் ஏற்றியாகிவிட்டது. நேற்று முதல் முறை ஸ்டார்ட் பண்ணினார் மெக்கானிக். இருமியது, தும்மியது, அப்புறம் பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தம் அப்படியே இருக்கிறது. ஷெட்டில் எல்லோரும் கைதட்டினார்கள். மெக்கானிக் சாவியை என்னிடம் நீட்டி, "வாங்க சார், உங்க அப்பா வண்டி, நீங்கதான் முதல்ல ஓட்டணும்" என்றார்.

அப்போது சொல்லிவிட்டேன். அந்தப் புத்திசாலி நான்தான் என்று. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, தானே ஏறி ஷெட்டை ஒரு சுற்று ஓட்டி நிறுத்தினார். ஸ்டூலையும் காணவில்லை.

தினமும் போய் நின்றுகொண்டே பார்த்துவிட்டு வருகிறேன்.

தம்பி


ஜூன் 1

தம்பிக்கு,

உன் ஏப்ரல் கடிதத்தை அத்தானுக்குப் படித்துக் காட்டினேன். அவருக்கு இப்போது வரி பிடித்துப் படிக்க வரவில்லை. கேட்டுவிட்டு, "சின்னப் பய, பயந்துட்டான்" என்றார். பதினெட்டு வயசில் பயந்ததை நானும் மன்னித்துவிடுவேன். இருபத்தைந்தில்? முப்பதில்? நாற்பதில்?

நீ நடித்துக் காட்டுகிற காட்சியில் என்ன இல்லை என்று சொல்கிறேன். போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றவில்லை. இறங்கும்மா என்று கையைப் பிடித்து இழுத்தார். பின்னால் ஒரு பஸ் நிறைய ஆட்கள் ஜன்னலில் தொங்கிக்கொண்டு பார்த்தார்கள். நான் கதவுப் பக்கம் நின்று ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தள்ளினேன். வேலைக்கு இரண்டு மணி நேரம் தாமதம். கரியோடு போய் நின்றேன். "கார்ல வர்ற வசதி இருந்தா வேலை எதுக்கும்மா?" என்று கேட்டார் மேலதிகாரி. முதல் மாதம் முழுக்க என்னைக் குப்பி கழுவ வைத்தார்.

நீ என்னிடம் மட்டும் சொன்னால் போதாது. கதையை ஊருக்குச் சொன்னவன், ஊருக்குத்தான் திருத்திச் சொல்ல வேண்டும். எல்லா வீட்டுக்கும் போகச் சொல்லவில்லை. ஒரே ஓர் இடம். இந்த மாதம் 22ஆம் தேதி சம்பந்தி வீட்டில் அவர்களுடைய நாற்பதாவது கல்யாண நாள். உனக்கும் அழைப்பு வந்திருக்கும். நிச்சயம் உன்னைக் கதை சொல்லக் கூப்பிடுவார்கள். சொல். இம்முறை சரியாகச் சொல்.

நான் வரமாட்டேன். நான் எதிரில் இருந்தால் என் முகத்தைப் பார்த்து அழுது சமாளித்துவிடுவாய். நீ என்ன சொன்னாய் என்று என் மகள் எனக்குச் சொல்வாள்.

அக்கா


ஜூன் 25

அன்புள்ள அக்காவுக்கு,

உன் மகள் சொல்லியிருப்பாள். இருந்தாலும் என் வாயால் சொல்லிவிடுகிறேன்.

பஸ்ஸில்தான் போனேன், மடியில் ஒரு சாக்குப்பையோடு. உள்ளே வெடித்த சிலிண்டர் ஹெட். எதற்கு எடுத்துப் போகிறேன் என்று எனக்கே தெளிவில்லை. இரும்பு, சரியான கனம். பக்கத்து சீட்டுக்காரர் "என்ன சார், அம்மியா?" என்றார். "ஆமாம்" என்றேன். கிட்டத்தட்ட.

சாப்பிட்டு முடித்ததும் சம்பந்தியம்மாவே ஆரம்பித்தாள்: "எங்கே சம்பந்தி, அந்தக் கார் கதை!" நாற்பது பேர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். நான் எழுந்து சொன்னேன். நூலகம், ஆவி, வாளி, "டிக்" சத்தம், ஆணியில் சாவி. ஒரு குரல் மாற்றவில்லை, ஒரு ஹாரன் அடிக்கவில்லை. "அக்கா ஒரு தப்பும் செய்யல. செஞ்சது நான். முப்பத்து மூணு வருஷமா பொய் சொன்னேன்" என்று முடித்தேன்.

விழுந்து விழுந்து சிரித்தார்கள் அக்கா.

"புது வெர்ஷன் பிரமாதம்!" என்றார் சம்பந்தி. உன் மருமகன் விசில் அடித்தான். வயசான ஒரு பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அக்கா பழியத் தன் தலையில போட்டுக்கிறார் பாரு. இப்படி ஒரு தம்பி யாருக்குக் கிடைக்கும்?" என்றாள். கைதட்டல் வேறு. என் வாழ்க்கையில் அவ்வளவு பெரிய கைதட்டல் வாங்கியதில்லை. "நிஜமாத்தான் சொல்றேன்" என்றேன், இன்னும் சிரித்தார்கள். "சத்தியமா" என்றேன், ஒருவர் நாற்காலியிலிருந்தே நழுவினார். நான் நல்லவன் என்று பெயர் வாங்கிக்கொண்டு வெளியேறிவிடலாம் போல இருந்தது. ஒரு வினாடி, ஒரே வினாடி, அப்படியே உட்கார்ந்துவிடலாமா என்றும் தோன்றியது. அதையும் உன்னிடம் மறைக்க வேண்டாம்.

பையை அவிழ்த்து ஹெட்டை மேஜைமேல் வைத்தேன். வெள்ளை மேஜை விரிப்பு, சரிகைக் கரை போட்டது. ஆயில் கறுப்பாகப் பரவியது. சிரிப்பு நின்றது. சம்பந்தியம்மா எழுந்து வந்து, நான் காட்டிய கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"இது நீங்க ஊத்தின தண்ணியா?"

"ஆமாம்மா."

"அப்ப அந்த அம்மாவ நான் பாக்கும்போதெல்லாம்..." என்று நிறுத்திக்கொண்டாள். அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்து, மெதுவாகத்தான் கேட்டாள்: "இத்தனை வருஷமா இதவச்சா சம்பந்தி எல்லாரையும் சிரிக்க வச்சீங்க?"

உன் மகள் உள்ளே போய் ஈரத்துணி எடுத்துவந்து என் கையில் கொடுத்தாள். "தொடைச்சிட்டுப் போங்க" என்றாள். மாமா என்று கூப்பிடவில்லை. நாற்பது பேர் பார்க்கத் துடைத்தேன். துடைக்கத் துடைக்கக் கறை பெரிதானது. யாரும் "பரவால்ல, விடுங்க" என்று சொல்லவில்லை.

இனி நல்ல சேதி. தவளை தயார். மெக்கானிக் மனம் இரங்கிச் சாவி கொடுத்துவிட்டார். ஷெட் மைதானத்தில் தினமும் ஓட்டிப் பார்க்கிறேன். ஏற்றத்தில் மூச்சு வாங்குவதில்லை, ஹாரன் அடித்தால் ஹாரன்தான் கேட்கிறது. இனித் தினசரி சாலையில் ஓட்ட வண்டிப் பரிசோதனை மட்டும் பாக்கி. (இன்ஜின் இல்லாதபோது எந்தக் காகிதமும் யாரும் கேட்கவில்லை.)

அது உனக்கு அக்கா. யோசித்து முடிவு செய்துவிட்டேன். அப்பா போனதும் யாரையும் கேட்காமல் நான் எடுத்துக்கொண்ட கார். ஆறு வருஷமாக என்னுடையது என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். இனி நீ அதில் வேலைக்குப் போ. அப்பாவின் பீரோவைத் தலைகீழாகப் புரட்டியும் வண்டியின் ஆர்.சி. புத்தகம் கிடைக்கவில்லை. தொலைந்துவிட்டது என்று மனுப் போட்டு நகல் வாங்கி, உன் பெயருக்கு மாற்றித் தருகிறேன். படிவம் இத்துடன் இருக்கிறது. "கொடுப்பவர்" என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். "பெறுபவர்" என்ற இடத்தில் நீ போடு.

பெரிய தியாகம் என்று நினைத்துவிடாதே. செய்த பாவத்துக்கு என்னால் கொடுக்க முடிந்தது இவ்வளவுதான்.

தம்பி


ஜூலை 5

தம்பிக்கு,

சம்பந்தியம்மா இங்கே வந்திருந்தாள். பஸ்ஸில் வந்தாள். வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள், எதையும் நேராகச் சொல்லவில்லை. போகும்போது, "அந்த விரிப்பு கறை போகவே இல்ல, தூக்கிப் போட்டுட்டேன்" என்றாள். நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். கடைசியில் நீ எங்கள் இரண்டு பேரையும் சிரிக்கத்தான் வைத்திருக்கிறாய்.

டிரைவிங் வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். இன்றோடு பன்னிரண்டு நாள். சொல்லிக்கொடுக்கிற பெண்மணிக்குப் பொறுமை கிடையாது, அதனால் எனக்குப் பிடித்திருக்கிறது. செவ்வாய்க்கிழமை அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எங்கள் காரையே ஓட்டியபோது சிக்னலில் நின்றுவிட்டது. பின்னால் வரிசையாக ஹாரன். கை வியர்த்தது. அடிக்கட்டும் என்று விட்டு, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, சாவியைத் திருப்பினேன். கிளம்பிவிட்டது. அத்தான் பின் சீட்டில் இருந்தார். வீட்டு வாசலில் இறங்கும்போது, "நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு இதுலயே போலாமா?" என்றார்.

உன் மேல் கோபம் போய்விட்டதா என்று கேட்காதே. பாதி போயிருக்கிறது. மீதி எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

உன் படிவத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கையெழுத்துப் போடவில்லை. தொலைந்துவிட்டது என்று மனுவும் போட வேண்டாம். புத்தகம் தொலையவில்லை. என்னிடம்தான் இருக்கிறது, என் துணி அலமாரியில்.

நான் வேலைக்குப் போக ஆரம்பித்த புதிதில் அப்பா என்னை பஸ்ஸில் அழைத்துப் போய் ஓர் ஆபீசில் கையெழுத்து வாங்கினார். "எதுக்குப்பா?" என்றேன். "போடும்மா" என்றார், அவ்வளவுதான். வெளியே வந்து புத்தகத்தை என் கையில் கொடுத்தார். சாவியைக் கொடுக்கவில்லை. அது அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. ஓடாத காருக்கு எனக்கு எதற்குப் புத்தகம்? அவர்தான் ஏதோ செய்துவிட்டார், அதற்குத்தான் இது என்று ஒரு நாள் தோன்றும். இல்லை, நான்தான் கெடுத்தேன், பாவம் பார்த்துக் கொடுக்கிறார் என்று மறுநாள் தோன்றும். நீ அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் அவர் எழுந்து கை கழுவப் போவார். அதற்கும் எனக்கு அர்த்தம் தெரியவில்லை, உன் ஏப்ரல் கடிதம் வரும்வரை. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவர் கடைசியாகப் படுத்திருந்தபோதுகூட வாரத்துக்கு ஒருமுறைதான் போய்ப் பார்த்தேன்.

புத்தகத்தின் அந்தப் பக்கத்தை நகல் எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன், பரிசோதனைக்குத் தேவைப்படும். உரிமையாளர் பெயர் என்னுடையது. மாற்றிய தேதி, கார் நாற்சந்தியில் நின்றதற்கு நான்காம் நாள்.

அக்கா